சுவற்றில் அல்ல, சுவரில்

கேள்வி: எங்கள் தெருவில் புதிதாக வெள்ளையடித்த மதிலில் ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். தினமும் பார்த்துப் பார்த்து எரிச்சலாக வருகிறது. “பொருள் புரிந்தால் போதாதா?” என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது அம்மா. இருபது வருடம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். அதிகம் திருத்திய சொல் இதுதான். கிணறு, வயிறு இரண்டும் ‘று’வில் முடிகின்றன. அதனால் கிணற்றில், வயிற்றில். சுவர் அப்படி முடியவில்லையே! ஊரில், தேரில் போலச் சுவரில்தான். முன்னூறும் அப்படித்தான் பரவிவிட்டது. மூன்று நூறு என்றால் முந்நூறு.

பொருள் விஷயத்துக்கு வருகிறேன். ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பிழைப்புக்கு வழி கிடைத்தது. ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கைக்கு வேல் வந்தது. ஒரே ஓர் ஒற்றெழுத்து செய்கிற வேலை இது. இதை உங்கள் கணவரிடம் எழுதிக் காட்டுங்கள்.

‘வாழ்த்துக்கள்’ என்று எழுதுபவரோடு மட்டும் நான் சண்டைக்குப் போவதில்லை. வாழ்த்துகள் என்பதே என் வழக்கம், ஆனால் அதில் அறிஞர்களிடமே இரு கருத்து உண்டு.

அப்புறம், அந்த மதில்காரரிடம் தனியாக, பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். ‘ற்றி’யை அழித்து ‘ரி’ எழுதினால் முடிந்தது.