ஊரின் பிரஷர் குறைந்ததா, முகாமுக்கு வந்த ஆள் மாறினதா?

கேள்வி: எங்களுடையது பல்லடம் பக்கம் விசைத்தறி ஊர். மன்றத்தின் சார்பில் மூன்று வருடமாகப் பிரஷர் முகாம் நடத்துகிறோம். மேல் அளவின் (130/80 என்றால் அந்த 130) சராசரி 5 புள்ளி இறங்கியிருக்கிறது. "ஊரில் பிரஷர் குறைந்தது" என்று பலகை வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாங்க தம்பி. 5 புள்ளி சின்ன விஷயமில்லை. நடுவயதில் மேல் அளவு நிலையாக 2 புள்ளி குறைவாக இருந்தாலே பக்கவாதச் சாவு சுமார் 10 சதவீதம் குறையும் என்று 10 லட்சம் பேரின் கணக்கு சொல்கிறது. அதனால்தான் உங்கள் 5 நிஜமா என்று கறாராகப் பார்க்கச் சொல்கிறேன்.

முதல் முகாமுக்குப் பெரும்பாலும் வயசாளிகளும், தலைசுற்றலுக்குப் பயந்தவர்களும்தான் வருவார்கள். பிறகு இளவட்டங்களும் வந்தால், ஒருவருக்குக்கூடப் பிரஷர் குறையாமலே சராசரி இறங்கிவிடும். வயதுவாரியாகப் பிரித்து ஒப்பிடுங்கள். மாதத்தையும் பாருங்கள்: முதல் முகாம் தைக் குளிரிலும் இந்த வருடத்தது சித்திரை வெயிலிலும் நடந்திருந்தால், வெயிலே சில புள்ளிகளை இறக்கியிருக்கும்.

அடுத்தது உங்கள் நோட்டு. 130/80, 140/90 என்று பக்கம் முழுக்கச் சைபரில் முடிகிறதா? பாதரசக் கருவியில் 2 புள்ளிக்கு ஒரு கோடு. ஐந்தில் ஒரு அளவுதான் சைபரில் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் அளந்தவர் கண்ணால் உருட்டி எழுதியிருக்கிறார்.

தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தவர், டீ டம்ளரைக் கீழே வைத்த கையோடு, சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் அளவு ஏறித்தான் காட்டும். 5 நிமிடம் சாய்ந்து உட்காரட்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். இரண்டு முறை அளந்து சராசரி எழுதுங்கள். கருவியை வருடாவருடம் மாற்றாதீர்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தனிப் பத்தி போடுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அதனால் இறங்கியதும் நல்ல சேதிதான், ஆனால் உப்பைக் குறைப்பது மாதிரி பழக்கத்தை மாற்றியதால் இறங்கியது என்று அதைச் சொல்ல முடியாது.

1975 முதல் 2015 வரை 200 நாடுகளின் சராசரியைக் கணக்கிட்டபோது பணக்கார நாடுகளில் இறங்கியது, நம் தெற்காசியாவில் ஏறியது. அந்தக் கணக்கில் தாமாக வந்தவர்களை மட்டும் அளந்த ஆய்வுகளைச் சேர்க்கவில்லை. நீங்களும் வீட்டு வரிசையில் ஐந்துக்கு ஒன்றாகப் பொறுக்கி, அந்த வீடுகளுக்கே போங்கள். பகல் முகாமுக்கு வராமல் தூங்கிக்கொண்டிருக்கும் நைட் ஷிப்ட் ஆட்கள் அங்கேதான் இருப்பார்கள். சாயங்காலம் அவர்கள் எழுந்தபின் அளந்துவிட்டு எழுதுங்கள், பலகையைப் பற்றிப் பேசுவோம்.