களாக்காய் ஜாம்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஆடி வந்தா எங்க கரட்டுப் பக்கம் களாச்செடி பூரா காய்தான், வருஷா வருஷம் ஜாம் கிண்டுறேன்னு தெரிஞ்சு ஆளாளுக்கு சந்தேகம் கேக்கறீங்க, ஒட்டுக்கா பதில் சொல்லிடறேன்.

கே: அக்கா, காய் போடணுமா பழம் போடணுமா?

ப: ரெண்டும். கருத்த பழம் முக்கா பங்கு, சிவந்த செங்காய் கால் பங்கு. ஜாம் இறுகறதுக்கு வேணுங்கற பெக்டின் செங்காய்லதான் ஜாஸ்தி, கலரும் வாசமும் பழத்துல. களாவுக்கு பெக்டின் பவுடர் வாங்கறது தண்டச்செலவுங்க, எலுமிச்சையும் வேண்டாம், அதுக்கே பல்லு கூசுற புளிப்பு இருக்கு.

கே: நறுக்குனா பால் வந்து கை கத்தியெல்லாம் பிசுபிசுன்னு ஆகுதே?

ப: யாரு நறுக்கச் சொன்னா! காம்பு கிள்ளிட்டு முழுசாவே கழுவி, பாதி முங்குற அளவு தண்ணி ஊத்தி வேக விடுங்க, கால் மணி நேரத்துல தோல் வெடிச்சு கொழகொழன்னு ஆயிரும். ஆறுனதும் சல்லடைல போட்டு மரக்கரண்டியால தேய்ச்சா விதை மேலயே நின்னுக்கும், விழுது மட்டும் கீழ இறங்கும். பாத்திரத்துல ஒட்டுன பிசினுக்கு தேங்காண்ணெய் தடவித் துடைங்க. அலுமினியம், இரும்புச் சட்டி ரெண்டும் ஆகாது, புளிப்பு அரிச்சிரும், எவர்சில்வர்தான்.

கே: சீனி எவ்ளோ? பாதியா குறைக்கலாமா?

ப: விழுது ஒரு கிலோன்னா சீனி ஒரு கிலோ. குறைச்சா இறுகாது, பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். இனிப்பு ஆகாதுன்னா முக்கா கிலோ போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு ரெண்டு மூணு வாரத்துல தீத்துடுங்க. கருப்பட்டில ஒருதடவ பண்ணிப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு ஆனா களா வாசமே இல்ல.

கே: நான் ஊட்டி. தெர்மாமீட்டர் 105 வர்ற வரைக்கும் கிண்டுனேன், ஆறுனா கல்லு மாதிரி ஆயிருச்சு. ஏன்?

ப: உங்க ஊரு உசரம் 2,200 மீட்டருக்கு மேலங்க, அங்க தண்ணியே 93 டிகிரிகிட்ட கொதிச்சிரும். 105ங்கறது கீழ இருக்கறவங்க கணக்கு, அங்க அது வரைக்கும் கிண்டுனா தண்ணி அளவுக்கு மேல வத்தி கல்லாயிரும். வெறும் தண்ணி உங்க வீட்ல எத்தனைல கொதிக்குதுன்னு பாத்து, அதோட 4, 5 டிகிரி கூட்டிக்கோங்க, 97, 98ல இறக்கிடலாம். எனக்கு தெர்மாமீட்டரே கிடையாது, தட்டை ஃப்ரீசர்ல வச்சு ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிஷம் கழிச்சு விரலால தள்ளுவேன், மேல ஆடை மாதிரி சுருங்குச்சுன்னா அடுப்ப அணைச்சிருவேன். கொஞ்சம் இளகலா இருக்கேன்னு இன்னும் கிண்டாதீங்க, ஆறுனா இறுகும், முக்காவாசிப் பேரு கெடுக்கறது இங்கதான்.

கே: பன்னுல வைக்கிற சிவப்பு செர்ரி களாக்காய்தானாமே?

ப: பெரும்பாலும் ஆமா, விதை எடுத்து சாயம் ஏத்தி சீனிப்பாகுல ஊறப் போட்டது.

கே: இறுகிப் போனத என்ன பண்றது?

ப: ஒரு கரண்டி வெந்நி ஊத்தி சிம்ல இளக்குங்க. அப்பவும் ஒத்து வரலன்னா மிளகாத்தூளும் உப்பும் போட்டு தோசைக்குத் தொட்டுக்கங்க, எங்க வீட்டு வாண்டுங்க ஜாமை விட அதத்தான் கேக்குதுங்க.