ஸ்வீட்டே திங்காத பையனுக்கு 4 சொத்தைப்பல்லு எப்படி வந்துச்சு?

கேள்வி: டாக்டர், எனக்கு ரெண்டு பசங்க. பெரியவ தீபாவளி பலகாரத்த டப்பாவோட காலி பண்ற ஆளு, அவ பல்லு பளிச்சுனு இருக்கு. சின்னவனுக்கு 7 வயசு, ஸ்வீட் பக்கமே போக மாட்டான், ரெண்டு வேளையும் பிரஷ் பண்றான், ஆனா போன வாரம் காட்டினப்போ 4 பல்லு சொத்தைனு சொல்லிட்டாங்க. பால் பல்லுதானே, தானா விழுந்துடும் விடுன்னு மாமியார் சொல்றாங்க. விட்டுடலாமா? - வாசகி, திருப்பூர்

பதில்: விட்டுடாதீங்கம்மா, ஏன்னு கடைசில சொல்றேன். பையன் என்ன திங்குறான்னு எல்லாரும் பாக்குறீங்க, ஒரு நாளைக்கு எத்தன தடவ வாயில போடுறான்னு யாரும் எண்றதில்ல. என்கிட்ட வர்ற அம்மாக்கள்ட்ட ஒரு நாள் முழுக்க டைம் போட்டு எழுதிட்டு வாங்கன்னு சொல்லுவேன். வர்ற லிஸ்ட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஆறரைக்கு சர்க்கரை போட்ட பால், அதுல முக்கி ரெண்டு பிஸ்கட், எட்டுக்கு இட்லி, வேன்ல சிப்ஸ், பத்தரைக்கு ஸ்நாக்ஸ் டப்பால கிரீம் பிஸ்கட், மதியம் சாப்பாடு, நாலரைக்கு மறுபடி பால், டியூஷன்ல ஏதோ பாக்கெட், ஒன்பதரைக்கு பிரஷ், பத்து மணிக்கு தூங்குறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் சர்க்கரைப் பால். ஸ்வீட்னு ஒண்ணு கூட இல்ல பாருங்க, ஆனா வாய் சும்மா இருந்த நேரமும் இல்ல, கடைசி டம்ளரோட அந்த பிரஷ்ஷும் வேஸ்ட்.

நடக்குறது என்னன்னா, பல்லு மேல வழவழன்னு படியுற படலத்துல கிருமிங்க இருக்கு, சர்க்கரையோ வெந்த மாவோ கெடைச்சா அதத் தின்னுட்டு ஆசிட்ட விடும். சில நிமிஷத்துலயே பிஎச் அளவு (இது கொறைய கொறைய ஆசிட் ஜாஸ்தின்னு அர்த்தம்) 5.5-க்கு கீழ போயிடும், அப்போ பல்லோட மேல் ஓடான எனாமல்ல இருக்குற கால்சியம் கரைய ஆரம்பிக்கும். அப்புறம் எச்சில்தான் வந்து ஆசிட்ட தணிச்சு, கரைஞ்சதுல கொஞ்சத்த திருப்பி பல்லுலயே சேக்கும், அதுக்கு அரை மணி நேரமோ கூடவோ ஆகும். அந்த வேலை முடியுறதுக்குள்ள அடுத்த பிஸ்கட் உள்ள போனா மறுபடி மொதல்ல இருந்து. உங்க பொண்ணு பத்து ஜாங்கிரிய ஒரே மூச்சுல தின்னாலும் பல்லுக்கு அது ஒரு அடி (அதுக்காக தின்னட்டும்னு சொல்லல, ஒடம்புக்கு அது வேற கணக்கு). அதுவும் பிஸ்கட் கடவாப்பல்லு குழில கூழ் மாதிரி அப்பிக்கிட்டு லேசுல போகாது. எச்சிலோட அளவு, பல்லு குழியோட ஆழம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால அக்காவையும் தம்பியையும் கம்பேர் பண்ணாதீங்க.

நடுவுல திங்குறத ஒரே வேளையா சுருக்குங்க, பசிச்சா வேர்க்கடலை, சுண்டல் குடுங்க. பால நைட் பிரஷ்ஷுக்கு முன்னாடி குடுத்துட்டு, பிரஷ் பண்ணப்புறம் தண்ணி தவிர எதுவும் வேணாம், தூங்குறப்போ எச்சில் கம்மியா ஊறுறதால நைட்டுதான் சொத்தைக்கு நல்ல சான்ஸ். 1000 பிபிஎம் ஃப்ளோரைடு இருக்குற பேஸ்ட், பட்டாணி அளவு போதும், துப்பினா போதும், தண்ணி ஊத்தி கொப்பளிச்சா ஃப்ளோரைடும் கூடவே போயிடும். 7 வயசுல அவன் கைய நம்பாதீங்க, நைட்ல நீங்களே தேய்ச்சு விடுங்க.

இப்போ மாமியார் மேட்டர். பால் கடவாப்பல்லு விழ 10, 12 வயசாகும், அது வரைக்கும் வலியோட எப்படி மெல்லுவான்? சீக்கிரம் போனா பக்கத்துப் பல்லு சாஞ்சு இடத்த புடிச்சுக்கும், புது பல்லு கோணலா வரும். இன்னொன்னு, 6 வயசு வாக்குல கடைசி பால் பல்லுக்குப் பின்னாடி எந்தப் பல்லும் விழாமயே ஒரு கடவாப்பல்லு மொளைக்கும், அதையும் பால் பல்லுனு நெனச்சு விட்டுடுறாங்க, அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்லு. டார்ச் அடிச்சு பாருங்க, இருந்துச்சுன்னா குழிய அடைக்க சீலன்ட் போட முடியுமான்னு டாக்டர்ட்ட கேளுங்க.

கேள்வி: எங்க ஊர்ல ஒருத்தர் புகை போட்டு சொத்தைல இருந்து புழு எடுத்து காட்டுறார், வலியும் போச்சு. அப்போ சரியாயிடுச்சா? - வாசகர், திண்டுக்கல்

பதில்: பல்லுக்குள்ள புழு கிடையாதுங்க. 1728-லயே பிரான்ஸ்ல பியர் ஃபோஷார்னு ஒரு பல் டாக்டர் மைக்ரோஸ்கோப்ல தேடிப் பாத்துட்டு இல்லன்னு புஸ்தகம் போட்டுட்டார், நாம இன்னும் பூச்சிப்பல்லுனே சொல்லிட்டு திரியுறோம். பல வாரமா இருந்த வலி சட்டுனு நின்னா எனக்கு பயம்தான் வரும், உள்ள நரம்பு செத்துப்போயிருக்கலாம், அடுத்து சீழ். இந்த வாரமே எக்ஸ்ரே எடுத்துடுங்க.

கேள்வி: 64 வயசு, பிபி மாத்திரை, அலர்ஜி மாத்திரை போடுறேன். வாய் காயுதுன்னு நாள் பூரா மின்ட் மிட்டாய் ஒதுக்கிக்குவேன். ஒரே வருஷத்துல ஈறு ஓரத்துல 3 பல்லு சொத்தை. - வாசகர், மதுரை

பதில்: ஐயா, அந்த மிட்டாய்தான் மொதல் சந்தேகம். சில மாத்திரைங்க எச்சில கொறைச்சிடும், ஆசிட்ட தணிக்க ஆள் இல்லாத வாயில நீங்க நாள் பூரா சர்க்கரைய ஊற வெச்சிருக்கீங்க. ஈறு எறங்கி வேர் வெளில தெரியுற எடத்துல எனாமல் வேற கெடையாது, சீக்கிரம் கரையும். மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, வாய் காயுதுன்னு எழுதிக்குடுத்த டாக்டர்ட்டயே சொல்லுங்க, மாத்தித் தர முடியுமான்னு பாப்பார். மிட்டாய்க்கு பதிலா சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லலாம், பல்லு செட் போட்டிருந்தா ஒட்டிக்கும், அப்போ பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி.