பொலிவியாவின் சான் பெட்ரோ சிறையில் வெளிநாட்டுக் கைதிகள் எப்படிப் பிழைத்தார்கள்?

பணத்தால்தான். லா பாஸ் நகரின் நடுவே இருக்கும் இந்தச் சிறையில் காவலர்கள் பெரும்பாலும் வாயிலோடு நின்றுவிடுவார்கள். உள்ளே ஆட்சி கைதிகளுடையது. ஒவ்வொரு பிரிவும் தனக்கென ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும். பிரிவில் சேரக் கட்டணம் உண்டு. தங்கும் அறையைக்கூட விலைக்கு வாங்க வேண்டும், அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும். வசதி படைத்தவர்களுக்கான லா போஸ்தா பிரிவு ஒரு பக்கம். மறுபக்கம் ஒரே அறையில் பலர் முடங்கிக் கிடப்பார்கள்.

கொக்கெய்னுடன் பிடிபட்டு வரும் வெளிநாட்டவருக்கு மொழி தெரியாது, சாப்பாடு கொண்டுவர உறவினரும் இல்லை. சிறை தரும் உணவை மட்டும் நம்பினால் உடல் தாங்காது. லா பாஸின் உயரம் சுமார் 3,600 மீட்டர். இரவுக் குளிரே ஆளை வாட்டிவிடும். ஆகவே தூதரக உதவி, வீட்டிலிருந்து வரும் பணம், உள்ளேயே ஒரு தொழில் என்று எதையாவது பற்றிக்கொள்ள வேண்டும். உள்ளே கடைகளும் உணவகங்களும் நடந்தன. 1990களில் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு கைதி, வெளிநாட்டுப் பயணிகளை உள்ளே அழைத்துச் சுற்றிக்காட்டியே பிழைத்தார். அந்த வருமானத்தில் காவலர்களுக்கும் பங்கு போனது.

அந்தச் சாமர்த்தியத்தைப் பலர் வியந்து பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே முற்றங்களில் கைதிகளின் குழந்தைகளும் வளர்ந்தார்கள். 2013-இல் ஒரு சிறுமி அங்கே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது வெளியே தெரிந்த பிறகுதான் குழந்தைகளை வெளியேற்றும் பேச்சு வலுத்தது.