கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: நட்சத்திரக் குறியை விரிப்பது யார்?

கேள்வி: ராயப்பேட்டையில் கல்யாண ஆல்பம் பிரிண்ட் போடும் கடை வைத்திருக்கிறேன். படங்களைச் சின்ன அளவுக்கு மாற்ற என் மகன் சி மொழியில் 'சுருக்கு' என்று ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். வீட்டில் அவனுடைய உபுண்டு லேப்டாப்பில் 'சுருக்கு *.ஜேபிஜி' என்று அடித்தால் ஃபோல்டரில் உள்ள எல்லாப் படமும் மாறிவிடுகிறது. அதையே கடையில் விண்டோஸில், விஷுவல் ஸ்டூடியோவில் கம்பைல் செய்து ஓட்டினால், '*.ஜேபிஜி என்று ஃபைல் இல்லை' என்கிறது. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. ஏன் இப்படி?
- வாசகர், ராயப்பேட்டை

பதில்: உபுண்டுவில் (அது லினக்ஸில் ஒரு வகை) உங்கள் மகனின் புரோகிராம் அந்த நட்சத்திரக் குறியைப் பார்க்கவே இல்லை. விண்டோஸில்தான் முதல்முறையாகப் பார்க்கிறது.

சனிக்கிழமை மாலைகளில் பெரம்பூரில் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு சி சொல்லித் தருகிறேன். முதல் வகுப்பிலேயே ஒரு குட்டி புரோகிராம் எழுத வைப்பேன். தனக்கு வந்த ஆர்க்யுமென்ட் (கட்டளையில் புரோகிராம் பெயருக்குப் பின் வரும் சொல்) ஒவ்வொன்றையும் சதுர அடைப்புக்குள் போட்டுத் தனி வரியில் காட்டும், அவ்வளவுதான். உங்கள் மகனையும் எழுதச் சொல்லுங்கள். மூன்று படங்கள் இருக்கும் ஃபோல்டரில் லினக்ஸில் ஓட்டினால் [தாலி.ஜேபிஜி], [பந்தி.ஜேபிஜி], [மாலை.ஜேபிஜி] என்று மூன்று வரி வரும். விண்டோஸில் [*.ஜேபிஜி] என்று ஒரே வரிதான் வரும்.

லினக்ஸிலும் மேக்கிலும் நீங்கள் அடிக்கும் வரியை முதலில் வாங்கிக்கொள்வது ஷெல். இடைவெளி பார்த்துப் பிரிப்பது, மேற்கோள் குறிகளைக் கழற்றுவது, நட்சத்திரத்துக்குப் பொருந்தும் ஃபைல் பெயர்களைத் தேடி வைப்பது எல்லாம் அதன் வேலை. பிறகு சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் ஒரு பட்டியலாகக் கொடுக்கிறது; கெர்னல் அதை அப்படியே புதிய புரோகிராமின் நினைவகத்தில் வைக்கிறது. காய் நறுக்கியே கைக்கு வருகிறது. விண்டோஸில் முழுசாக வருகிறது, நறுக்குவது புரோகிராமின் பாடு. அங்கே புரோகிராமைத் தொடங்கும் 'கிரியேட் பிராசஸ்' வாங்கிக்கொள்வது ஒரே ஒரு நீள வரியைத்தான். அதிகபட்சம் 32,767 எழுத்து. அந்த வரியைத் துண்டாக்கி, உங்கள் மகன் எழுதியது தொடங்கும் இடமான 'மெயின்' ஃபங்ஷனுக்குத் தருவது உங்கள் புரோகிராமோடு ஒட்டி வரும் சி லைப்ரரி. நட்சத்திரத்தை அது தானாக விரிக்காது.

இந்தப் பழக்கம் பழசு. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் கட்டளையின் மிச்ச வரிக்கு ஒதுக்கிய இடம் மொத்தமே 128 பைட், அதில் முதல் பைட் நீளத்தைச் சொல்லும். அதற்கும் முந்தைய சிபி/எம் என்ற இயங்குதளத்திலிருந்து வந்த ஏற்பாடு அது.

உங்களுக்கு வழி சுலபம். கம்பைல் செய்யும்போது 'செட்ஆர்க்வி.ஓபிஜே' என்ற ஃபைலையும் லிங்க் செய்யச் சொல்லுங்கள், விண்டோஸிலும் நட்சத்திரம் விரியும். ஆனால் நான் சிபாரிசு செய்வது வேறு: புரோகிராமுக்கு ஃபோல்டரின் பெயரை மட்டும் கொடுத்து, உள்ளே இருக்கும் படங்களை அதுவே எடுத்துக்கொள்ளட்டும். பெரிய கல்யாணமென்றால் ஆயிரக்கணக்கில் படம் சேரும். லினக்ஸில் அத்தனை பெயரும் விரிந்து, மொத்த நீளம் வரம்பைத் தாண்டினால் 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று சொல்லி நின்றுவிடும்.

ஃபோல்டர் பெயர் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெயரில் இடைவெளி இருக்கிறதே என்று விண்டோஸில் இப்படி அடிப்பீர்கள்:

சுருக்கு "டி:\மயிலை கல்யாணம்\" 800

பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் ஓடாது. மேற்கோளுக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு வந்தால், 'இந்த மேற்கோள் பெயரின் ஒரு பகுதி, முடிவு அல்ல' என்று லைப்ரரி எடுத்துக்கொள்கிறது. அப்புறம் வரும் 800 என்ற அளவும் ஃபோல்டர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். கடைசிக் கோட்டை எடுத்துவிடுங்கள், அல்லது இரண்டாகப் போடுங்கள். பிள்ளைகள் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த ஒரு கோட்டால்தான்.

கேள்வி: எங்கள் கோயில் விழாப் படங்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கிறேன். நானே எழுதிய சி புரோகிராமுக்கு 'மயிலை.ஜேபிஜி' என்று கொடுத்தால் விண்டோஸில் வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது. தமிழ்ப் பெயரை விட்டுவிட வேண்டியதுதானா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: விடாதீர்கள், தயவுசெய்து. தமிழ்ப் பெயரைத் திறக்காவிட்டால் திருத்த வேண்டியது புரோகிராமைத்தான், பெயரை அல்ல.

எத்தனை கேள்விக்குறி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மயிலைக்கு மூன்று எழுத்து, கேள்விக்குறி ஐந்து. யூனிகோடில் 'யி'யும் 'லை'யும் தலா இரண்டு குறியீடு, அதனால்தான். விண்டோஸ் அந்த வரியை உள்ளே யூனிகோடில்தான் வைத்திருக்கிறது. சாதாரண 'மெயின்' கேட்கும்போது அதைப் பழைய கோட் பேஜுக்கு (சில மொழிகளின் எழுத்துகளுக்கு மட்டும் எண் தரும் அட்டவணை) மாற்றித் தருகிறது. ஆங்கிலத்துக்கும் அரபிக்கும் தாய்லாந்து மொழிக்கும் அப்படியொரு கோட் பேஜ் உண்டு. தமிழுக்கு விண்டோஸில் இல்லை. எனவே ஒவ்வொரு குறியீடும் கேள்விக்குறியாகிவிடுகிறது. விண்டோஸ் ஃபைல் பெயரில் கேள்விக்குறி வரவே கூடாது, அதனால் எந்த ஃபைலும் திறக்காது.

'மெயின்' இருக்கும் இடத்தில் 'டபிள்யூமெயின்' என்று எழுதி, ஃபைலைத் திறக்கவும் யூனிகோடை அப்படியே வாங்கும் அகல எழுத்து ஃபங்ஷனையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் 2019-இல் வந்த விண்டோஸ் 10, 1903 பதிப்பு முதல், புரோகிராமின் மேனிஃபெஸ்டில் (அதோடு சேரும் விவரக் குறிப்பு) யூடிஎஃப்-8 என்று, அதாவது யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறையை, அறிவிக்கலாம்; எழுதிய வரிகளை அதிகம் மாற்ற வேண்டியிருக்காது. லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. கெர்னல் பைட்டுகளை அப்படியே கடத்துகிறது, மயிலை 15 பைட்டாக முழுசாக வந்து சேரும்.

கேள்வி: பேக்கப் எடுக்கும் கட்டளையிலேயே பாஸ்வேர்டையும் சேர்த்து எழுதலாமா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: வேண்டாம். லினக்ஸில் அதே கம்ப்யூட்டரில் லாகின் செய்திருக்கும் வேறொருவர், ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' கட்டளையை அடித்தால், பெரும்பாலும் உங்கள் முழுக் கட்டளையும் அவர் கண்ணில் படும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரிலும் கட்டளை வரிக்கென்று ஒரு பத்தி உண்டு. ஷெல்லின் ஹிஸ்டரி ஃபைலிலும் பதிந்துவிடும். நீங்கள் மட்டும் படிக்கக்கூடிய ஒரு ஃபைலில் பாஸ்வேர்டை வைத்து, புரோகிராமை அதிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். இதுவரை கட்டளையில் எழுதி ஓட்டியிருந்தால் இன்றே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.