தேர்வறையில் கண்காணிப்பாளரே இடைஞ்சலாக இருந்தால் என்ன செய்வது?

போன முறை நீட் எழுதும்போது கண்காணிப்பாளர்கள் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள், பாதியில் கையெழுத்து வாங்க வந்து நின்றார்கள், கவனம் போய்விட்டது. இந்த முறையும் அப்படி நடந்தால் என்ன செய்வது, தேர்வு முடிந்தபின் புகார் கொடுத்தால் பலன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடிந்தபின் கொடுக்கும் புகாரை நம்பி உட்காராதீர்கள். 2025 மே 4 அன்று சென்னை ஆவடியில் ஒரு மையத்தில் மழையால் மின்சாரம் போனது. வெளிச்சம் குறைவு, கவனம் சிதறியது என்று மாணவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். மறுதேர்வு வைத்தால் நாடு முழுக்க எழுதிய 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பாதிக்கும் என்று மனு தள்ளுபடியானது. அதே தேர்வில் இந்தூரிலும் கரண்ட் போயிற்று. அங்கே உயர் நீதிமன்றத்தின் ஒற்றை நீதிபதி மறுதேர்வுக்கு உத்தரவிட்டும்கூட, இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்துவிட்டது. 2024இல் நேரம் இழந்த 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்தார்கள். அது பெரிய சர்ச்சையாகி, விஷயம் உச்ச நீதிமன்றம் போய், கொடுத்த மதிப்பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஜூன் 23 அன்று மறுதேர்வு வைத்தார்கள். எழுத வந்தவர்கள் 813 பேர்தான். கோர்ட்டுக்குப் போவது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் பிரச்சினை தீரக்கூடிய இடம் அந்த அறை, நேரம் அந்த மூன்று மணி நேரம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் எடுக்கிறேன். நீட் ஹாலில் கண்காணிப்பாளராக நின்றிருக்கிறேன். (கேள்வித்தாளை எட்டிப் பார்த்தாலும் எனக்கு ஒரு வரி புரியாது. அதனால் பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.) வெளியே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: அந்த அறையில் எங்களுக்கும் பயம். ஹால் டிக்கெட் போட்டோவோடு முகத்தை ஒத்துப்பார்க்க வேண்டும், அட்டெண்டன்ஸ் ஷீட்டில் போட்டோ, கையெழுத்து, கைரேகை எல்லாம் சரியாக விழ வேண்டும், ஓஎம்ஆரில் (வட்டங்களை நிரப்பும் விடைத்தாளில்) நாங்களும் கையெழுத்துப் போட வேண்டும், கடைசியில் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். ஒன்று பிசகினால் விளக்கம் கேட்பார்கள். நாங்கள் முணுமுணுப்பதில் முக்கால்வாசி, “மூணாவது பெஞ்சு பொண்ணு போட்டோ ஒட்டலையே, பாத்தீங்களா?” என்ற ரகம்தான். அரட்டை அடிப்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. இரண்டு வகையினருக்குமே தங்கள் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிவதில்லை.

அதனால் தயங்காமல் கையைத் தூக்குங்கள். எழுந்திருக்க வேண்டாம், பக்கத்தில் வந்ததும் மெதுவாக, “மேடம், நீங்க பேசுறது இங்க கேக்குது, கவனம் போகுது” என்று சொன்னால் போதும். பத்தில் ஒன்பது பேர் கூச்சப்பட்டு உடனே நிறுத்திவிடுவார்கள். மரியாதை இல்லாமல் பேசுவதாக நினைப்பார்களோ, ஓஎம்ஆரில் ஏதாவது செய்துவிடுவார்களோ என்று பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு 20 நிமிடம் புழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கண்காணிப்பாளர் பகையை மனதில் வைத்து உங்கள் தாளில் கை வைக்கும் வாய்ப்பைவிட, புழுங்கியே 20 மதிப்பெண்ணைத் தொலைக்கும் வாய்ப்பு அதிகம். 180 நிமிடத்தில் 180 கேள்வி, ஒன்றுக்கு 4 மதிப்பெண். ஐந்து நிமிடம் போனால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

சொல்லியும் நிற்கவில்லை என்றால், “சென்டர் சூப்பரிண்டெண்டென்ட் சாரைக் கொஞ்சம் கூப்பிடுங்க” என்று கேளுங்கள். அவர்தான் அந்த மையத்துக்கே பொறுப்பாளர். இந்த ஒரு வாக்கியத்துக்கு அறையில் தனி மதிப்பு உண்டு. அவர் அறைக்குள் வருவதை எந்தக் கண்காணிப்பாளரும் விரும்புவதில்லை.

கையெழுத்து விஷயம் வேறு. அதைத் தவிர்க்க முடியாது, வந்தே தீருவார்கள். ஆனால் வந்த நொடியே பேனாவை மாற்றிப் பிடிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நிறை எண்ணும் திசைவேகமும் தலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஷீட்டை நீட்டினால், “சார், ஒரு நிமிஷம், இந்தக் கணக்கை முடிச்சிடுறேன்” என்று சொல்லுங்கள். அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவார். வட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தால் அவரைக் கண்டிப்பாகக் காத்திருக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி 87க்கான விடையை 88இல் கருப்பாக்கிவிட்டு, அதைப் பார்த்து மூச்சு அடைத்து உட்கார்ந்த ஒரு பையனின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பேனாவால் நிரப்பியதை மாற்ற முடியாது. ஷீட்டை வாங்குமுன் கேள்வித்தாளில் நீங்கள் நிற்கும் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுங்கள், அது போதும். கைரேகை வைத்தால் விரலில் மை இருக்கும், அதைத் துடைத்துவிட்டு ஓஎம்ஆரைத் தொடுங்கள்.

தாள் தாமதமாக வந்தால், கேள்விப் புத்தகத்தின் குறியீடும் ஓஎம்ஆர் குறியீடும் ஒத்துப்போகாவிட்டால், பக்கம் விட்டுப்போயிருந்தால், எழுதத் தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும். அப்போது இரண்டையும் மாற்றித் தருவார்கள். தாமதம் என்றால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: “மணி 2.10 ஆகுது, இப்பத்தான் தர்றீங்க.” அறையில் இருக்கும் எல்லோர் காதிலும் அது விழட்டும். கூடுதல் நேரம் தரும் அதிகாரம் கண்காணிப்பாளருக்கு இல்லை, அவரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. மேலே சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். கைக்கடிகாரம் கட்டிப் போக முடியாது என்பதால் சுவர்க் கடிகாரம் ஓடுகிறதா என்பதையும் உட்கார்ந்ததுமே பாருங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, மொழிபெயர்ப்பு. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆங்கில வாசகமே இறுதி என்பது விதி. கேள்வி குழப்பினால் கண்காணிப்பாளரைக் கூப்பிடாதீர்கள், அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே இருக்கும் ஆங்கிலக் கேள்வியைப் படியுங்கள்.

கட்டுப்படுத்தவே முடியாத சத்தங்களுக்கு ஒரே வழி பழக்கம். மே மாத ஞாயிறு என்றால் முகூர்த்தம், கோயில் கொடை, ஒலிபெருக்கி. உள்ளே கடகடவென்று ஃபேன், காலை ஆட்டிக்கொண்டே எழுதும் பக்கத்துப் பெஞ்சு. காதில் பஞ்சு வைத்துப் போகலாமா என்று கேட்பார்கள். வாசலில் நடக்கும் சோதனைக் கெடுபிடியில் அந்த யோசனையே வேண்டாம். நூலகத்தின் ஏசி அமைதியில் மாதிரித் தேர்வு எழுதாமல், மதியம் 2 முதல் 5 வரை, வீட்டுக் கூடத்தில், டிவி ஓடும்போது எழுதிப் பாருங்கள். நடுவில் இரண்டு முறை தங்கச்சியைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். விளையாட்டில்லை, உண்மையாகவே சொல்கிறேன்.

இத்தனைக்கும் மேல் பெரிதாக ஏதாவது நடந்துவிட்டால், அன்றைக்கே தேசியத் தேர்வு முகமைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மைய எண், அறை எண், எத்தனை மணிக்கு என்ன நடந்தது, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், அதே அறையில் எழுதிய வேறு யார் சேர்ந்து எழுதத் தயார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். “ரொம்ப டிஸ்டர்பன்ஸ்” என்று மட்டும் எழுதிய மனுவை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது.