கலியாண எழுத்துத் திகதியும் மகனின் பெயரும்: கனடா ஸ்பொன்சர் பற்றிக் கல்லடிச் சகோதரிக்கு

கேள்வி: நான் மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கிறேன். முதல் கணவர் நோயால் காலமாகிவிட்டார். 15 வயதில் ஒரு மகன் இருக்கிறான். 2024இல் கனடியப் பிரஜை ஒருவரை மறுமணம் செய்தேன். அவர் நம் ஊர்க்காரர்தான், இப்போது ஸ்காபரோவில் இருக்கிறார். அவருக்கும் இது இரண்டாவது கலியாணம். அவருடைய விவாகரத்துத் தீர்ப்பு கனடா நீதிமன்றத்தில் 2024 மார்ச் 4ஆம் திகதி வந்தது. மார்ச் 23இல் இங்கே எழுத்து வைத்து (கலியாணத்தைப் பதிந்து), அன்றே கோயிலில் தாலி கட்டினோம். ஒரு மாதம் எங்கள் வீட்டில் இருந்துவிட்டுப் போனார். ஸ்பொன்சர் படிவங்களை டவுனில் ஓர் ஏஜென்சிக்காரர் நிரப்பி வைத்திருக்கிறார். மகனின் பெயரைப் போட்டால் இழுபடும், போன பிறகு அவனைக் கூப்பிடலாம் என்கிறார். சின்னக் கலியாணம் என்பதால் படங்களும் குறைவு. பொய்க் கலியாணம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அதுவரை விசிட்டர் விசாவில் போய்வர முடியுமா?

பதில்: சகோதரி, படிவங்கள் இன்னும் அனுப்பப்படவில்லை என்பது பெரிய ஆறுதல். தயவுசெய்து அவற்றை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். நீங்கள் பயப்படும் படங்களின் கணக்கு இங்கே சிறிய விஷயம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்கள்தான் என்னைக் கவலைப்படுத்துகின்றன: எழுத்து வைத்த திகதி, மகனின் பெயர்.

முதலில் திகதி. கனடாவின் விவாகரத்துச் சட்டப்படி, நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அன்றே விவாகரத்து நடைமுறைக்கு வருவதில்லை. தீர்ப்புக்குப் பிறகு 31ஆவது நாளில்தான் வரும். கணவரின் விவாகரத்துக் கட்டளையை எடுத்துப் பாருங்கள். மேலே மார்ச் 4 என்ற திகதி இருக்கும். உள்ளே, இந்தக் கட்டளையின் திகதியிலிருந்து 31 நாட்களின் பின் விவாகரத்து நடைமுறைக்கு வரும் என்று ஒரு வரி இருக்கும். அப்படியென்றால் அவருடைய முதல் கலியாணம் சட்டப்படி முடிந்தது ஏப்ரல் 4ஆம் திகதி. நீங்கள் எழுத்து வைத்த மார்ச் 23இல் அவர் சட்டத்தின் கண்ணில் இன்னொருவரின் கணவர். இது தெரியாமல் நடந்தது, உங்கள் இருவர் மனதிலும் கள்ளம் இல்லை. ஆனாலும் சட்டம் மனதைப் பார்க்காமல் திகதியைத்தான் பார்க்கும். முந்திய விவாகம் சட்டப்படி கலைக்கப்படாத நிலையில் செய்யும் விவாகம் செல்லாது என்று நமது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமும் சொல்கிறது. வெளிநாட்டில் நடந்த கலியாணம், நடந்த நாட்டின் சட்டப்படியும் கனடாவின் சட்டப்படியும் செல்ல வேண்டும் என்பது கனடாவின் குடிவரவு விதி. உங்களுடையது இரண்டிலும் நிற்காது.

இதற்கு வழி இருக்கிறது. செல்லாத விவாகம் எந்தத் தீர்ப்பும் இல்லாமலே செல்லாததுதான். ஆனால் பதிவேட்டில் அது அப்படியே கிடக்கும்போது அதன்மேல் இன்னொரு பதிவு வைப்பது சிக்கல். ஆகவே, அந்த விவாகம் வெற்றானது என்று பிரகடனப்படுத்தும்படி மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வையுங்கள். இருவரும் ஒத்துப்போகிற விஷயம், ஆவணங்களே பேசும். தீர்ப்பு வந்த பிறகு புதிதாக எழுத்து வைக்கலாம். கணவர் வெளிநாட்டுப் பிரஜை என்பதால் என்னென்ன பத்திரங்கள் முன்கூட்டியே வேண்டும் என்று மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கேட்டு, அதன் பிறகு அவர் டிக்கெட் போடட்டும். இந்த முறை தீர்ப்புக் கட்டளையோடு நிற்காமல், விவாகரத்துக் கொடுத்த கனடா நீதிமன்றம் தரும் விவாகரத்துச் சான்றிதழையும் எடுத்துவரச் சொல்லுங்கள். விவாகரத்து எந்த நாளில் நடைமுறைக்கு வந்தது என்பது அதில் இருக்கும்.

அவர் வராமல், தனக்காக நடக்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் கொடுத்தோ, வாட்ஸ்அப் வீடியோவிலோ முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒருவர் நேரில் இல்லாமல் நடக்கும் கலியாணத்தை, 2015 ஜூன் 11 முதல் கனடா ஸ்பொன்சருக்கு ஏற்பதில்லை. லீவு கிடைக்காது, செலவு என்று கணவர் சொல்வார். வரத்தான் வேண்டும்.

அடுத்து மகன். இதைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, உங்கள் மேல் அல்ல. விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், அவனுக்கு மருத்துவப் பரிசோதனையும் செய்யாமல் நீங்கள் நிரந்தர வதிவிடம் பெற்றால், பிறகு அந்தப் பிள்ளையைக் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாதபடி விதி கதவை அடைத்துவிடும். ‘போன பிறகு கூப்பிடலாம்’ என்ற பேச்சை நம்பி இருக்க முடியாது. அதற்கு மேல், உண்மையை மறைத்த குற்றத்துக்கு ஐந்து வருடம் கனடாவுக்குள் நுழையத் தடை வரலாம். நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு தெரியவந்தாலும், பெற்ற வதிவிடமே ஆட்டம் காணும்.

அவன் சாதாரண தரம் எழுதிவிட்டு வரட்டும் என்று நினைத்தால் அதற்கும் இடம் உண்டு. அவனை இப்போது உடன் வராத பிள்ளை என்று காட்டுங்கள். ஆனால் பெயர் படிவத்தில் இருக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் உங்களோடு சேர்த்து முடிய வேண்டும். 22 வயதுக்கு உட்பட்ட, கலியாணம் முடிக்காத பிள்ளையைத்தான் தங்கிவாழும் பிள்ளையாகக் கனடா கணக்கெடுக்கிறது. அவனுக்குக் காலம் இருக்கிறது. தகப்பனின் மரணச் சான்றிதழ் கைவசம் இருந்தால் பராமரிப்பு உரிமை பற்றிய கேள்வியும் எழாது.

ஏன் இந்த இரண்டையும் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பொய்க் கலியாணம் என்ற சந்தேகத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், கணவர் 30 நாட்களுக்குள் அங்குள்ள குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். புதிய சாட்சியங்கள் வைக்கலாம், நீங்களும் தொலைபேசியில் பேசலாம். ஆனால் கலியாணமே செல்லாது, அல்லது பிள்ளை அறிவிக்கப்படவில்லை என்று வந்துவிட்டால், மனிதாபிமானக் காரணங்களைப் பார்க்கும் அதிகாரம் அந்தப் பிரிவுக்கே இல்லை. அங்கே போய் அழுதும் பயன் இருக்காது.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். கலியாணம் பெரும்பாலும் கனடா போகும் நோக்கத்தில் நடந்ததா, அல்லது உண்மையில்லாத கலியாணமா என்று அதிகாரி பார்ப்பார். இரண்டில் ஒன்று என்று பட்டாலே நிராகரிக்கலாம். ஊர் வழக்கத்துக்கு மாறாக எது இருக்கிறதோ அதைத்தான் அவர்கள் பிடிப்பார்கள். உங்கள் விஷயத்தில் மறுமணம், சிறிய வைபவம் ஆகியவை. மறுமணத்தை நம் ஊரில் மண்டபம் பிடித்துச் செய்வது குறைவு என்பதை இருவரும் தனித்தனியே, சொந்த வார்த்தையில் எழுதுங்கள். கணவர் ஏன் தன் தாய் வீட்டில் தங்காமல் உங்கள் வீட்டில் தங்கினார் என்று கேட்கக்கூடும். மட்டக்களப்பில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் முறை என்பது கொழும்பில் இருப்பவருக்கே தெரியாதபோது, கனடிய அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். நூறு தாலிப் படங்களைவிட, மகனின் பள்ளிக்கூடக் காசுக்கு அவர் அனுப்பிய பணத்தின் ரசீது, அவருடைய அம்மாவோடு நீங்கள் பேசிய அழைப்புப் பதிவுகள், முதலில் வைத்த எழுத்து செல்லாது என்று தெரிந்ததும் இருவரும் அதைத் திருத்த எடுத்த முயற்சி ஆகியவை கனமானவை. நடந்த தவறை ஒளிக்க வேண்டாம். மார்ச் 23இல் நடந்ததையும் நீதிமன்றத் தீர்ப்பையும் சேர்த்தே கொடுங்கள்.

விசிட்டர் விசா கேட்கலாம். நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருந்தாலும், கொடுத்த காலம் முடிந்ததும் திரும்புவார் என்று அதிகாரி திருப்திப்பட்டால் தற்காலிக விசா கொடுக்க அவர்களின் சட்டம் இடம் தருகிறது. ஸ்பொன்சர் எண்ணத்தை மறைக்காமல் எழுதுங்கள். மகன் இங்கே படிப்பதும் ஒரு பிடிமானம்தான். கிடைக்காமலும் போகலாம், அதனால் உண்மை சொன்ன ஸ்பொன்சர் விண்ணப்பம் கெட்டுவிடாது. ஆனால் அங்கே போய் நின்றுகொண்டு, ஏற்கெனவே கனடாவுக்குள் இருக்கும் கணவன் மனைவியருக்கான வகுப்பில் விண்ணப்பிக்காதீர்கள். அதில் மறுத்தால் நான் மேலே சொன்ன மேன்முறையீடு கிடையாது.

வருமானம் போதாது என்று கணவர் தயங்கினால், கியூபெக் தவிர்ந்த இடங்களில் மனைவியை ஸ்பொன்சர் செய்யக் குறைந்தபட்ச வருமானம் கேட்பதில்லை. அவர் அரச உதவிப் பணத்தில் வாழக் கூடாது, அங்கவீனத்துக்கான உதவி என்றால் பரவாயில்லை. மூன்று வருடம் உங்களைப் பொறுப்பேற்கும் கையெழுத்து வைக்க வேண்டும். இன்னொன்று, பெண்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது: இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் வதிவிடம் நிலைக்கும் என்ற பழைய நிபந்தனையை 2017இல் எடுத்துவிட்டார்கள். கலியாணம் உண்மையாக இருந்தால், ‘திருப்பி அனுப்பிவிடுவேன்’ என்று எவரும் உங்களை மிரட்ட முடியாது.

ஏஜென்சிக்காரரிடமிருந்து மூலப் பத்திரங்கள் எல்லாவற்றையும் நாளைக்கே திருப்பி வாங்குங்கள். பணம் வாங்கிக்கொண்டு இந்த விண்ணப்பத்தில் உதவ, கனடாவில் பதிவுபெற்ற சட்டத்தரணி, உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர் போன்றோருக்குத்தான் அனுமதி. ஏஜென்சிக்காரர் தன் பெயரைப் படிவத்தில் போடச் சொல்லுங்கள். போட மறுத்தால் காரணம் உங்களுக்கே விளங்கும். கணவர் விவாகரத்துச் சான்றிதழுக்கு உரிய நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கட்டும். இங்கே வழக்குக்குக் கையில் காசில்லை என்றால், சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்கு விவாகச் சான்றிதழையும் கணவரின் விவாகரத்துத் தீர்ப்பையும் கொண்டு போங்கள்.